வீட்டுக்கு ஒரு சிலந்தி வல்லுநர்

உலகத்தில் சிலந்திகள் பல்லாயிரம் வகை. சிலந்தி வல்லுநர் ஒரே வகை. பல்கலைக்கழகத்தில் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நுண்ணோக்கிமேல் குனிந்திருப்பாரே, அவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், ஒரு சிலந்தியின் பெயரைச் சொல்ல ஆறு மாதம் அவகாசம் கேட்பார், அதற்குப் பிறகும் "இருக்கலாம்" என்றுதான் சொல்வார். நான் சொல்வது வீட்டு வல்லுநரை. நான்கு கட்டுரை, ஏழு காணொளி, பாதியில் நிறுத்திய ஒரு புத்தகம், இவற்றின் பலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு, திங்கட்கிழமை காலையிலிருந்து வீட்டில் யாரையும் நிம்மதியாகச் செருப்புப் போடவிடாமல் செய்பவரை.

உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறாரா? அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். இந்த இனம் கூச்ச சுபாவம் உள்ளது. மறைவான இடத்தில் வெகுநாள் அசையாமல் இருக்கும். தொந்தரவு செய்தால்தான் வெளியே வரும். தொந்தரவு என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். சுவரைக் காட்டி, "அட, சின்னப் பூச்சிதானே" என்று யாராவது சொன்னால் போதும்.

"பூச்சி இல்ல. பூச்சிக்கு ஆறு கால். இதுக்கு எட்டு."

வந்துவிட்டார், பாருங்கள்.

அடையாளங்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது தரையைப் பார்க்கமாட்டார், சுவரும் கூரையும் சந்திக்கும் மூலையையே பார்த்துக்கொண்டு நடப்பார். அதனால் முழங்காலுக்குக் கீழே நாற்காலி, கட்டில், முக்காலி என்று வீட்டிலுள்ள சாமான் ஒவ்வொன்றும் கையெழுத்துப் போட்ட நீலத் தழும்புகள் இருக்கும். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். விருந்தாளியாகப் போன வீட்டில் சோபாவில் உட்காருமுன் திண்டைத் தூக்கிப் பார்ப்பார். வீட்டுக்காரர் முகம் போகிற போக்கை மட்டும் பார்க்கமாட்டார். பைக்குள் ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கும். தாகத்துக்கு அல்ல. சிலந்தியின்மேல் கவிழ்ப்பதற்கு. கவிழ்த்தபின் அடியில் நுழைக்க மெல்லிசாக, விறைப்பாக ஏதாவது வேண்டும். இதற்கு நவீன கவிதைத் தொகுப்பைப் போல வாய்த்த பொருள் வேறில்லை என்பது என் அனுபவம். நாவல் நுழையாது.

இவருக்கு வேதவாக்கியம் ஒன்று உண்டு. "அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, ஆனால் மிகப் பெரும்பாலானவற்றின் விஷம் மனிதனை ஒன்றும் செய்யாது." முழுக்க முழுக்க உண்மையான வாக்கியம். வல்லுநரின் கலை, அதை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார். தலையைச் சற்றே சாய்ப்பார். பெருமூச்சு விடுவார். எதிரே இருப்பவர் நன்றாக வெளிறிய பிறகு, பெரிய மனது பண்ணி இரண்டாம் பாதியைத் தருவார், காய்ச்சலை வரவழைத்துவிட்டு மாத்திரையையும் தானே கொடுப்பதுபோல.

அடுத்தவர் உடம்பில் எது முளைத்தாலும் அது சிலந்திக்கடி என்பது இவருடைய இன்னொரு கொள்கை. பரு, கட்டி, வேர்க்குரு, சட்டைப் பொத்தான் அழுத்திய தடம், எதுவும் விலக்கல்ல. நான் அறிந்த ஒரு வல்லுநர், தான் வேலை செய்யும் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவரின் முன்கையில் சிவப்பாக ஒரு தழும்பைப் பார்த்துவிட்டு, கூச்சத்தை எல்லாம் உதறிவிட்டு நேராக அவரிடம் போனார்.

"அண்ணே, இது சிலந்தி கடிச்சது. ஓரம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க."

"சூடான உருளை பட்டதுப்பா. நேத்து நீ பக்கத்துலதான நின்ன? தண்ணி கூட நீதான ஊத்தின?"

"ஆனாலும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்கண்ணே. சில பேருக்குக் கடிச்சதே தெரியாது."

இவ்வளவு நெருக்கமாக எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் அந்த ஆளுக்கு நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

ஆமாம், கண்ணாடியில் தெரியும் அந்த வல்லுநர் நான்தான், அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுவது தொழில். வாயைத் திறக்க வேண்டாத வேலை, அதனால்தான் பிடித்தது. வீட்டிலும் எனக்குப் பேச ஒன்றும் இருந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வார்கள், நான் 'ம்' போடுவேன். இருபத்தாறு வருஷம் 'ம்' போட்டவன், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சிலந்தியின் விஷப்பல் எப்படி மடங்கும் என்று விரலை மடக்கிக் காட்டினேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்பா செய்தித்தாளை இறக்கினார். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய போதை! அன்றிலிருந்து வீட்டில் சட்டங்கள் பிறந்தன.

முதல் சட்டம் காலணிக்கு. போடுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும். நல்ல சட்டம்தான், காலணி, கையுறை, வெகுநாளாகத் தொடாத போர்வை எல்லாவற்றையும் உதறிவிட்டு எடுப்பது யாருக்கும் நல்லது. ஆனால் தட்டியபின் உள்ளே கைவிளக்கு அடித்துப் பார்க்க வேண்டும் என்றும், பார்த்ததை வாசலில் தொங்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சேர்க்கை. அப்பா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறிப்பது அவர் வேலை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரே பதினோரு நிமிஷம் தாமதமாகப் போனார்.

"என்ன காரணம் எழுதினீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஷூவுக்குள்ள ஆள் இருக்கான்னு பாக்க நேரமாயிடுச்சுன்னு எழுதவா? வண்டி பஞ்சர்னு எழுதினேன்."

"நீங்க நடந்துதான போறீங்க?"

"அதைத்தான் அவங்களும் கேட்டாங்க."

இரண்டாவது சட்டம்தான் விபரீதம். அடையாளம் காணும்வரை எந்தச் சிலந்தியையும் அடிக்கக் கூடாது, எந்த வலையையும் கலைக்கக் கூடாது. ஏனென்றால் வலை ஒரு தடயம். வட்டமாகச் சீராகப் பின்னியிருந்தால் ஒரு வகை, புனல்போல் இருந்தால் ஒரு வகை, கண்டபடி இழுத்துக் கட்டியிருந்தால் சற்றுக் கவனிக்க வேண்டிய வகை. அதோடு, வலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். பெரும்பகுதி வெற்றிடம், கொஞ்சம் இழை, நடுவில் ஒரு கறுப்பு. நல்ல கவிதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அம்மாவுக்கு இந்தப் பார்வை கிடையாது. அவள் ஒட்டடைக் கம்பை எடுத்தால் நான் குறுக்கே போய் நிற்பேன்.

"தடயத்தை அழிக்காதேம்மா."

"ஏன்டா, இது வீடா, கொலை நடந்த எடமா?"

ஒவ்வொரு வலைக்கும் கீழே சுவரில் பென்சிலால் எண் போட்டேன். கூடத்தில் ஒன்றிலிருந்து ஆறு. குளியலறையில் ஏழிலிருந்து பத்து. என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? வலைகள் பெருகின. சிலந்திகளுக்குள் சேதி பரவியிருக்க வேண்டும்: இந்த வீட்டில் ஒட்டடை அடிப்பதில்லை, வந்து தங்கினால் நம்பர் வேறு கொடுக்கிறார்கள். ஒரே மாதத்தில் எண் இருபத்து மூன்றைத் தொட்டது. சிலந்தி வந்துகொண்டே இருக்கிறதே என்று நான் கவலைப்பட்டேனா? கண்டுபிடிப்புகள் கூடிக்கொண்டே போகின்றனவே என்று சந்தோஷப்பட்டேன். வல்லுநரின் கணக்கு இப்படித்தான் கூடும்.

இந்த லட்சணத்தில்தான் அக்கா வருவதாக ஏற்பாடு ஆயிற்று.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பிரசவத்துக்கு விடுப்பில் போனவள், குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. அத்தான் கப்பலில் வேலை. இன்னும் நான்கு மாதம் கரைக்கு வரமாட்டார். கடை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை அக்காவும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது, திங்கட்கிழமை அவள் வேலையில் சேருவது, பகலில் குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வது என்று முடிவு. கடையில் வேறொருவர் அந்த வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வராவிட்டால் இடம் அவருக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே அக்கா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பலகையிலுள்ள எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்தவர் சரியான கண்ணாடி மாட்டியதும் கடைசி வரியைக் கடகடவென்று படிப்பாரே, அந்த முகத்தைப் பார்க்கத்தான் போகிறேன் என்பாள்.

என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பின்னறையைக் காலி செய்து குழந்தைக் கட்டிலைப் போட்டு வை.

பின்னறையில் பத்து வருஷத்து அட்டைப்பெட்டிகள். புதன்கிழமை மூன்றாவது பெட்டியைத் தூக்கியபோது அடியிலிருந்து ஒரு பழுப்புச் சிலந்தி வெளியே வந்து நின்றது. நானும் நின்றேன். இரண்டு கூச்ச சுபாவிகள் எதிரெதிரே மாட்டிக்கொண்டால் யார் முதலில் நகர்வது? அதுதான் நகர்ந்தது. அதற்குள் நான் கைபேசியில் பதினாறு படம் எடுத்துவிட்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். வயலின் சிலந்தி என்று ஒன்று உண்டு. பெட்டி, துணிமூட்டை, இடுக்கு என்று ஆள் புழங்காத இடத்தில் ஒதுங்கி வாழும். தேடி வந்து கடிக்காது. உடம்புக்கும் துணிக்கும் நடுவே நசுங்கினால் கடிக்கும். கடித்த இடம் சிலருக்குப் புண்ணாகி, ஆற வாரக்கணக்காகும். அதன் முன்னுடம்பின்மேல் வயலின் மாதிரி கரும்பழுப்பில் ஒரு குறி இருக்கும். என் படத்தில் இருந்தது, ஐயா, வயலின்! குடம், கழுத்து எல்லாம் இருந்தது. தந்தி மட்டும்தான் இல்லை.

அந்த நொடியில் எனக்கு வந்தது பயம் இல்லை. சந்தோஷம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சாதாரண மனிதன் என்ன செய்வான்? பெட்டிகளை வெளியே போட்டுப் பெருக்குவான். நானோ பின்னறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத் துணியைத் திணித்து, 'ஆய்வு நடைபெறுகிறது' என்று எழுதி ஒட்டினேன். படங்களை 'எட்டுக்கால் அன்பர்கள்' என்ற இணையக் குழுவில் போட்டேன். அங்கே எங்கள் இனத்தார் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். ஐந்தே நிமிஷத்தில் முப்பது பதில். "சந்தேகமே வேண்டாம், வயலின்தான்" என்றார் ஒருவர். "உடனே வீட்டைவிட்டு வெளியேறவும்" என்றார் ஒருவர். "அழகான பெண் சிலந்தி, வாழ்த்துகள்" என்றார் ஒருவர். ஒரே ஒருவர் மட்டும், "குறியை நம்பாதீர்கள், படத்தில் நிழலும் அழுக்கும்கூடக் குறி மாதிரி தெரியும். கண்களை எண்ணுங்கள். ஆறு கண் இரண்டிரண்டாக மூன்று இடத்தில் இருந்தால் யோசிக்கலாம். எட்டு இருந்தால் அது வேறு" என்று எழுதினார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். சரியாகச் சொல்கிறவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை அவ்வளவுதானே?

வியாழக்கிழமை காலை அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். நேரில் இரண்டு வார்த்தை பேசத் தயங்குகிறவன் எழுத்தில் எவ்வளவு தைரியசாலி! 'பின்னறையில் விஷச் சிலந்தி உறுதி. குழந்தைக்கு உகந்த சூழல் இல்லை. மறு அறிவிப்பு வரும்வரை பயணத்தைத் தவிர்க்கவும்.' கீழே படம். படத்தில் சிவப்பு வட்டம். வட்டத்தை நோக்கி ஓர் அம்புக்குறி.

உடனே கைபேசி அலறியது.

"டேய், நெஜமாவாடா?"

"படம் பாத்தியாக்கா?"

"பாத்தேன். இவன் இப்பதான் தவழ ஆரம்பிச்சிருக்கான். கையில கெடைக்கறதெல்லாம் வாயில போடறான். என்னடா பண்றது?"

"ஆய்வு போயிட்டிருக்கு."

"ஆய்வு எப்ப முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் கடைக்குச் சொல்லணும், வரேனா இல்லையான்னு."

"அவசரப்பட்டா அறிவியல் வளராதுக்கா."

இந்த வாக்கியத்தைச் சொன்னவன் நானேதான். மறுமுனையில் குழந்தை எதையோ தள்ளிவிடும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மனம் உறுத்தியதா? உறுத்தியது. அதற்கு நான் செய்த பரிகாரம், ஆய்வை விரிவாக்கியது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, சுவரில் எண் போட்டிருந்த இருபத்து மூன்று சிலந்திகளையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். எல்லாவற்றின் மேலும் வயலின்! மெலிந்த கால்களோடு கூடத்து மூலையில் தொங்கியதற்கும் வயலின். குளியலறையில் குதித்துக் குதித்துப் போன குட்டிக்கும் வயலின். வீட்டில் ஒரு முழுக் கச்சேரியே குடியிருந்திருக்கிறது, நாங்கள் கேட்காமல் இருந்திருக்கிறோம்!

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாமலே ஒரு காரியம் செய்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூச்சி மருந்து அடிப்பவர் வாசலில் நின்றார். முதுகில் தெளிப்பான், காலில் ரப்பர் பூட்ஸ், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். நான் படங்களும் குறிப்புகளும் அடங்கிய ஆய்வுக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னறை வாசலில் நின்றேன்.

"இது வயலின் சிலந்தின்னு உறுதியாகியிருக்கு" என்றேன்.

"அப்படிங்களா, சார்."

"நீங்க பாத்ததுண்டா?"

"பாத்திருப்பேன். பேர் கேட்டதில்ல."

"பேர் தெரியாம எப்படி மருந்து அடிப்பீங்க?"

"மருந்து எங்க அடிக்கப் போறேன்? குழந்தை வரப்போற ரூம்னு அம்மா சொன்னாங்க. சிலந்திக்கு இந்த மருந்து அவ்வளவா கேக்காது, சார். அது மேல நேராப் பட்டாத்தான் உண்டு." கதவைத் திறந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "இந்த அட்டைப்பெட்டி எல்லாம் வெளிய போகணும். வேணுங்கற சாமானை மூடி இறுகற டப்பாவுல போடுங்க. வலை, முட்டைப் பை எல்லாத்தையும் வேக்குவம் வச்சு இழுத்து, அந்தக் குப்பையை அப்பவே கட்டி வெளிய போட்டுடுங்க. ஜன்னல் இடுக்கு, குழாய் வர்ற ஓட்டை, கதவுக்கு அடியில, எல்லாத்தையும் அடைங்க. கட்டிலைச் சுவத்தை விட்டுத் தள்ளிப் போடுங்க, போர்வை தரையில தொங்கக் கூடாது. வாசல்ல எரியற வெள்ளை விளக்கை எடுத்துட்டு மஞ்சள் போடுங்க. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சி பின்னாடியே இவங்க வருவாங்க. பெட்டியைத் தூக்கும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்குங்க. அவ்வளவுதான்."

"இது வயலினா இருந்தா?"

"இதைத்தான் செய்யணும்."

"வயலின் இல்லன்னா?"

"அப்பவும் இதைத்தான் செய்யணும். பேர் தெரிஞ்சா அது பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுமா, சார்?"

அம்மா சிரித்தாள். மூன்று நாளில் முதல் தடவை. அவர் தெளிப்பானை முதுகிலிருந்து இறக்கவே இல்லை. பிறகு எதற்கு அதை மாட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வெறுங்கையோட வந்து சொன்னா யார் கேக்கறா?" என்றார்.

நான் கையிலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? கையுறை மாட்டிக்கொண்டு அப்பாவும் நானும் பெட்டிகளை வெளியே இழுத்தோம். பத்து வருஷமாகத் திறக்காத பெட்டிகளில் பாதியில் வேறு காலிப் பெட்டிகள் இருந்தன. அம்மா வேக்குவம் கிளீனரைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதமாகக் கை அரித்துக்கொண்டிருந்தவள், என் எண்கள் வரிசையில் புகுந்தாள். ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. ஒன்பதாம் எண் முன்னால் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "தடயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதையும் இழுத்தாள். சுவரில் பென்சில் எண்களை நான் ரப்பர் வைத்து அழித்துக்கொண்டே பின்னால் போனேன். ஆய்வு செய்ய ஒரு மாதம் பிடித்த வீட்டைச் சுத்தம் செய்ய ஆறு மணி நேரம் பிடித்தது. அந்தப் பழுப்புச் சிலந்தி வேக்குவத்துக்குள் போனதா, பெட்டியோடு வெளியேறியதா, இந்த வீட்டில் மரியாதை இல்லை என்று தானாகவே கிளம்பிப் போனதா, தெரியாது.

மாலை நான்கு மணி. பின்னறை பளிச்சென்று இருந்தது. சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளிக் குழந்தைக் கட்டில், அதில் வெள்ளை விரிப்பு. 'ஆய்வு நிறைவு. அறை தயார்' என்று எழுதி, கட்டிலைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த நொடி அவள் அழைத்தாள்.

"டேய்! விரிப்பு மேலயே இருக்கேடா அது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். விரிப்பில் ஒன்றுமில்லை. தூக்கி உதறினேன். ஒன்றுமில்லை. இன்னொரு படம் எடுத்தேன். படத்தில், விரிப்பின் நடுவில், பழுப்பாக ஒரு வயலின்.

"இங்க ஒண்ணும் இல்லக்கா. ஆனா படத்துல இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாகக் கேட்டது.

பிறகு பேசியது என் அக்கா இல்லை, கண் பரிசோதிப்பவள். "உன் உள்ளங்கையை விரிச்சு ஒரு படம் எடு."

எடுத்தேன். உள்ளங்கையில் வயலின்.

"அப்பாவை எடு."

எடுத்தேன். வழுக்கைத் தலையின் நட்டநடுவில் வயலின்.

"அந்தப் போனை உன் அச்சகத்துல எங்க வைப்ப?"

"ஈர மெய்ப்புத் தாள் மேல..."

"கேமராக் கண்ணாடியைத் துடை."

துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த அச்சு மை, கடுகு அளவு கூட இல்லை, நகத்தோடு வந்துவிட்டது. அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பவன் நான். படத்தில் எதையும் நடுவில் வைத்து எடுப்பது என் பழக்கம். நடுவில் வைத்த ஒவ்வொன்றின் மேலும் என் தொழில் தன் கைப்பட வயலின் வரைந்திருக்கிறது.

"அப்ப அந்தச் சிலந்தி?" என்றாள் அக்கா.

"ஆய்வு முடிவுகள் மறுபரிசீலனைக்கு..."

"டேய்."

"தரவுல ஒரு சின்ன..."

"டேய். தப்புன்னு சொல்லு. மணி நாலே முக்கால். அஞ்சுக்குள்ள நான் கடைக்குச் சொல்லணும்."

இந்த இனத்தின் தொண்டை அமைப்பு விசித்திரமானது. எந்த நீளமான லத்தீன் பெயரும் அதில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு சின்னத் தமிழ்ச் சொல் மட்டும் குறுக்கே நின்றுவிடும்.

"தப்புக்கா."

"சத்தமா சொல்லு, அம்மா கேக்கணும்."

"தப்பு!"

"கேட்டுச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அக்கா கடைக்கு அழைத்து, வருகிறேன் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். திங்கட்கிழமை காலை எட்டரை மணி. அக்கா வேலைக்குத் தயாராக, தோளில் பையோடு, கடைசியாக ஒரு தடவை கொஞ்சக் குழந்தையைத் தூக்கினாள். குழந்தையின் முழங்கைக்கு மேலே, நேற்று இல்லாத ஒரு சிவப்புப் புள்ளி. லேசான தடிப்பு.

பிறகு அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லுடா. இது அதுவா?" என்றாள் அக்கா.

என் வாழ்நாளில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வாயில் ஏழெட்டுப் பெயர்கள் முண்டியடித்தன. ஒரு பெயரைச் சொன்னால் அக்கா தோளிலிருந்து பையை இறக்கிவிடுவாள். காத்திருக்கும் அந்த இன்னொருவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வேறொரு பெயரைச் சொன்னால் நிம்மதியாகக் கிளம்பிப் போய்விடுவாள். அது பொய்யாகவும் இருக்கலாம். இதற்குத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தேன்? மூன்று ஜோடிக் கண், எல்லாம் என்மேல்.

"தெரியலக்கா."

அம்மா எட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவுவோம். ஈரத் துணி வைப்போம். டாக்டர்கிட்ட காட்டிட்டு நீ அப்படியே கடைக்குப் போ. முதலாளிக்கு இப்பவே ஒரு போன் பண்ணிடு" என்றேன். ஒரே மூச்சில் நான் பேசிய, பயனுள்ள முதல் நான்கு வாக்கியங்கள்.

தெருமுனை டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். குழந்தை அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான். "ஏதோ கடிச்சிருக்கு. ஆள் ஜோரா இருக்கான். பெரிசானாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ உடனே தூக்கிட்டு வாங்க" என்றார். எது கடித்தது என்ற கேள்வி என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். கொஞ்சம் பெரிய கேள்விதான், தொண்டையில் சிக்கிக்கொண்டு இறங்கியது. அக்கா நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய் வேலையில் சேர்ந்தாள். மாலையில் திரும்பி வந்தபோது, இன்று பதினான்கு பேருக்குக் கண் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையை வாரிக்கொண்டாள். புள்ளி மங்கியிருந்தது. புதன்கிழமை காணாமலே போயிற்று. எது கடித்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாமலே குழந்தை தவழ்கிறான், அக்கா வேலைக்குப் போய் வருகிறாள்.

ஆனால் உங்களுக்குத் தெரியும், இல்லையா?

மறைக்காதீர்கள். ஒற்றைப் புள்ளி, லேசான தடிப்பு, காலையில் தெரிந்தது, முழங்கைக்கு மேலே என்று படித்துக்கொண்டு வரும்போதே உங்கள் மனத்தில் ஒரு பெயர் வந்து உட்கார்ந்துவிட்டது. கொசுதான் என்று தோன்றியிருக்கும், இல்லை, எறும்பு என்று மாற்றியிருப்பீர்கள், மெத்தையின் தையல் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தாயா, மூட்டைப்பூச்சி இருக்குமே என்று என்னைக் கேட்க வாய் துடித்திருக்கும், இதுகூடத் தெரியாமல் அவர் என்ன டாக்டர் என்று ஓர் இளக்காரம்கூட எட்டிப் பார்த்திருக்கும். குழந்தையை நீங்கள் பார்த்ததில்லை. புள்ளியைப் பார்த்ததில்லை. ஆனாலும் உறுதி. வாருங்கள், வாருங்கள். எங்கள் இனத்தில் சேர இதற்குமேல் தகுதி ஒன்றும் கேட்பதில்லை.

அது என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மெதுவாக, அம்மா காதில் விழாமல், எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.